நடத்தி முடித்த பாடம்

நாவலூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளி. அங்கே சுற்றுச்சூழல் மன்றத்துக்கு வசுமதி டீச்சர்தான் பொறுப்பு. கரியமில வாயுவைக் குறைக்கச் சொல்லி ஊருக்கு உபதேசம் செய்வதற்காக, பிள்ளைகளை நான்கு ஏசி பேருந்துகளில் மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டி வந்திருந்தார். பிள்ளைகள் மணலில் நின்று, பதாகை பிடித்துத் தொண்டை கிழியக் கத்தினார்கள். டீச்சர்கள் பேருந்துக்குள் ஏசியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக அதைப் படம் பிடித்தார்கள். பூமியைக் காப்பாற்றிய களைப்பில் வசுமதி கண்ணயர்ந்துவிட்டார்.

திடீரென்று உடம்பெல்லாம் வேர்த்தது. விழித்துப் பார்த்தால் ஏசி ஓடவில்லை.

"ஏம்பா சம்பத், ஏசிக்கு என்ன ஆச்சு?"

"நான் இன்னா பண்றது மிஸ்? இந்தப் பாப்பாதான் இஞ்சினை ஆஃப் பண்ணச் சொல்லிச்சு. நிக்கிற வண்டிய சும்மா ஓடவுட்டா புகை வந்துகினே கீதாம், ஊரே சூடாயிடுமாம். நியாயமாத்தான் பட்டுச்சு" என்றார் டிரைவர்.

படியில் ஆறாம் வகுப்பு கவியா, பதாகையும் கையுமாக நின்றிருந்தாள். "நீங்கதான மிஸ் நடத்துனீங்க?" என்றாள் பெருமையாக.

வசுமதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அது காலாண்டுப் பரீட்சைக்கு வந்த பாடம்டி! பரீட்சைதான் முடிஞ்சிடுச்சே, இன்னும் எதுக்கு ஞாபகம் வச்சிருக்கே?"