அரை மணிக்கு முன்னால் பாதி விலை

முழு விலை கொடுத்து நான் எதையும் வாங்கியதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, என் வேலையே அதுதான். தண்ணீர் மோட்டார் செய்யும் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகக் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். போல்ட், நட்டிலிருந்து கை கழுவுகிற சோப்பு வரை நான் பேரம் பேசி முடித்த பிறகுதான் கேட்டைத் தாண்டி உள்ளே வரும். "இன்னிக்கே எடுத்துக்குங்க மேடம், அதான் நல்லது" என்று எவனாவது சொன்னால் அவன் கிடங்கில் சரக்கு தேங்கிக் கிடக்கிறது என்று அர்த்தம். அப்போது வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட வேண்டும். தானாக இறங்கி வருவான். வீட்டில் எனக்குப் பெயரே பாதிவிலை. என் சித்தி வைத்தது. அவளுக்கு நாக்கில் எலும்பு கிடையாது.

என் தங்கை பெரிய ஊருக்குப் போய் ஆறு வருடம் ஆகிறது. ஒரு நாடகக் குழுவில் இருக்கிறாள். நடிக்கத்தான் போனாள், ஆனால் இத்தனை நாளும் மற்றவர்களுக்கு உடை தைத்தாள், இஸ்திரி போட்டாள், யாராவது வராத நாளில் கூட்டத்தோடு கூட்டமாக மேடையில் நின்றாள். அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. அக்கம்பக்கத்தில் யார் கேட்டாலும் "தையல் வேலை பாக்குறா" என்று சொல்லி முடித்துவிடுவாள். போனில் "சாப்பிட்டியா"வுக்கு மேல் பேச மாட்டாள். மகள் மேடையில் நின்று அம்மா ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அந்தத் தங்கை இரண்டு வாரத்துக்கு முன்னால் மூச்சிரைக்க என்னைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை நாலு மணி ஷோவுல நான்தான் மெயின் ரோல். அதை நடிக்கிறவங்க அன்னிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போறாங்க. வசனம் முழுக்க எனக்குத் தெரியும்னு என்னைப் போட்டுட்டாங்க. ஒரே ஒரு ஷோ. மறுநாள் அவங்க வந்துடுவாங்க. எப்படியாவது அம்மாவைக் கூட்டிட்டு வாயேன்."

"அன்னிக்கு எனக்கு ஸ்டாக் எடுக்குற வேலைடி. வர முடியாது" என்றேன்.

வாய்கூசாமல் சொன்ன பொய். வருகிறோம் என்று சொன்னால் அவள் தன் சொற்பச் சம்பளத்தில் எங்கள் எல்லோருக்கும் முழு விலையில் டிக்கெட் எடுத்து வைப்பாள். அதுவும் நாலு டிக்கெட். சொல்லாமல் போய் நின்றால் அவளுக்கும் இன்ப அதிர்ச்சி, எனக்கும் பாதி மிச்சம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மாவைச் சம்மதிக்க வைக்க ஒன்பது நாள் ஆனது. கடைசியில் சித்திதான் வழிக்குக் கொண்டுவந்தாள். "உன் பொண்ணு எப்படி நடிக்கிறான்னு நீ பாக்க வேணாம். மேடையில விழுந்து கிழுந்து வெச்சா தூக்கி விடவாச்சும் வா" என்றாள். அம்மா முறைத்தாள். ஆனால் சனிக்கிழமை, பெட்டியின் அடியில் கிடந்த நல்ல புடவையை எடுத்துத் தானே மடித்து வைத்தாள்.

ஞாயிறு காலை ரயிலில் நாலு பேரும் போய் இறங்கினோம். நான், என் வீட்டுக்காரர், அம்மா, சித்தி. என் வீட்டுக்காரருக்கு லேத் பட்டறையில் வேலை. மெஷின் சத்தத்திலேயே இருப்பதால் வீட்டில் அதிகம் பேச மாட்டார்.

டிக்கெட் விஷயத்தில் நான் சும்மா வந்திறங்கவில்லை. அந்த ஊர் ஆட்களிடம் கம்பெனி போனிலேயே விசாரித்து வைத்திருந்தேன். ஸ்டேஷனுக்கு வெளியே உள்ள சதுக்கத்தில், அன்றைக்கு விற்காத டிக்கெட்டுகளைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடும் ஒரு கவுன்டர் உண்டு. அங்கே முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். வெயில் மண்டையைப் பிளந்தது. என் முறை வந்ததும் உள்ளே இருந்த பெண் பட்டியலைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"அது சின்னக் குழுங்க. அவங்க டிக்கெட் எங்ககிட்ட வராது. நேரா அரங்கத்துக்கே போங்க. ஷோவுக்கு அரை மணி நேரம் முன்னாடி பாதி விலைக்குக் குடுப்பாங்க."

பாதி! எனக்கு வெயிலெல்லாம் மறந்துபோனது.

அரங்கத்தைக் கண்டுபிடித்துப் போனபோது மணி இரண்டு. குறுகலான தெருவில் பழைய கட்டடம். வாசலில் கண்ணாடிக் கூண்டு, அதில் கை நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை. உள்ளே கழுத்தில் கயிறு கட்டிய கண்ணாடியோடு வயதான ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"நாலு மணி ஷோவுக்கு சீட் இருக்குங்களா?"

"இருக்கும்மா. நிறையவே இருக்கு."

அந்த "நிறையவே" என் காதில் தேனாகப் பாய்ந்தது. "மூன்றரைக்குப் பாதி விலையாமே?" என்றேன்.

"ஆமா. ஆனா இப்பவே எடுத்துடுங்கம்மா. அதான் நல்லது."

"ஏன், தீந்துடுமா?"

"தீராது." அவர் எங்கள் நாலு பேரையும் ஒருமுறை பார்த்தார். ஏதோ சொல்ல வந்து விழுங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. "முழு விலையே ஒண்ணும் பெரிசில்லம்மா. எடுத்துடுங்களேன்."

பன்னிரண்டு வருட அனுபவம் எனக்குள் எழுந்து நின்றது. சரக்கு தேங்கிக் கிடக்கிறது! நான் சிரித்துக்கொண்டே, "மூன்றரைக்கே வர்றேங்க" என்று நகர்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்தார். "எடுத்துடலாமே. அத்தைக்கும் முட்டி வலி. உள்ள போய் உக்காரலாம்ல."

"நீங்க லேத்தைப் பாருங்க. விலையை நான் பாத்துக்குறேன்" என்றேன்.

அரங்கத்துக்கு எதிரிலேயே ஒரு கடை இருந்தது. ஆனால் கண்ணாடியும் மெத்தையுமாக இருந்த அந்தக் கடையில் விலைப்பட்டியலைப் பார்த்ததும் நான் உள்ளே காலே வைக்கவில்லை. பக்கத்துச் சந்தில் பெஞ்சு போட்ட டீக்கடை கிடைத்தது. ஒன்றரை மணி நேரம் அங்கே உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது டீ குடித்தபோதே கடைக்காரர் முகம் மாறிவிட்டது. நான் கண்டுகொள்ளவில்லை.

அம்மா டம்ளரை வெறுமனே கையில் வைத்திருந்தாள். திடீரென்று கேட்டாள்.

"அவ பேசுறது பின்னாடி சீட்டு வரைக்கும் கேக்குமாடி? சின்னதுல அவ குரல் வெளியவே வராதே."

"எல்லாம் கேக்கும்மா."

"அவ வந்ததும் கை தட்டணுமா, முடிஞ்ச பிறகு தட்டணுமா?"

"உன் இஷ்டம்க்கா. நடுவுல எழுந்து நின்னு 'சாப்பிட்டியா'ன்னு மட்டும் கேட்டுடாதே" என்றாள் சித்தி.

அம்மா சிரித்தாள். மகளின் நாடகப் பேச்சில் அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன். எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கைப்பையில் நாலு பாதி டிக்கெட்டுக்கான பணத்தைச் சில்லறை உட்படச் சரியாக எடுத்துத் தனியாக மடித்து வைத்தேன்.

மூன்று இருபத்தைந்துக்கு எழுந்தோம். சந்து திரும்பியதும் அரங்கத்தின் இரும்புக் கதவு பாதி இழுத்துவிடப்பட்டிருந்தது தெரிந்தது. கூட்டம் உள்ளே போய்விட்டது போல, அதனால்தான் சாத்துகிறார்கள் என்று நினைத்து நடையைக் கூட்டினேன். கிட்டே போனால், கவுன்டர்காரர் முக்காலி மேல் ஏறி நின்று வாசல் பலகையிலிருந்து நாடகத்தின் பெயர் அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஒரு இளம் ஜோடி, டிக்கெட்டுக்குக் கொடுத்துத் திரும்ப வாங்கிய பணத்தை எண்ணிக்கொண்டே போனது.

"மணி மூன்றரைங்க. நாலு டிக்கெட்" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"ஷோ ரத்தும்மா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்ன சொல்றீங்க? நிறைய சீட் இருக்குன்னீங்களே!"

"அதாம்மா காரணம்." அவர் மெல்ல இறங்கினார். "மேடையில நிக்கிறவங்களை விடப் பாக்க வர்றவங்க குறைஞ்சா ஆடுறதில்லைன்னு இந்தக் குழுவுல ஒரு வழக்கம். மேடையில ஒன்பது பேரு. வித்தது ஆறு டிக்கெட். ஒரு மணி நேரம் முன்னாடி சொல்லிட்டா அரங்கத்துக்காரர் பாதி வாடகைதான் வாங்குவாரு. அதனால சரியா மூணு மணிக்கு எண்ணிப் பாப்பாங்க. எண்ணினாங்க. முடிச்சுட்டாங்க."

ஆறும் நாலும் பத்து. இந்தக் கணக்குக்குக் கால்குலேட்டர் வேண்டாம்.

"இதை நீங்க அப்பவே சொல்லியிருக்கலாமே!" என்று கத்தினேன்.

"ஷோ நடக்காம போகலாம்னு கவுன்டர்ல சொல்லக் கூடாதும்மா. சொன்னா வர்ற ரெண்டு பேரும் வர மாட்டாங்க. என்னால முடிஞ்ச வரைக்கும் எடுத்துடுங்கன்னுதானே சொன்னேன்?"

சொன்னார். இரண்டு தடவை சொன்னார்.

"முழு விலையே தர்றேன். நாலு டிக்கெட் குடுங்க. இல்ல, பத்தா எடுத்துக்குறேன். இருபது எடுத்துக்குறேன்." கைப்பையை அப்படியே அவர் கையில் திணித்தேன். அவர் அதைப் பதமாகத் திருப்பி என் கையிலேயே வைத்தார்.

"இல்லாத நாடகத்துக்கு எப்படிம்மா டிக்கெட் கிழிக்கிறது? லைட்காரர் போயிட்டாரு. நடிகருங்க பாதிப் பேரு பஸ் ஏறிட்டாங்க."

என் வீட்டுக்காரர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். இதற்கு அவர் ஒரு அறை விட்டிருக்கலாம். சித்தி, எந்தச் சாவு வீட்டிலும் ஏதாவது சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடும் என் சித்தி, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு மட்டும் எதுவும் புரியவில்லை.

"கொஞ்சம் நேரம் கழிச்சு ஆரம்பிப்பாங்களாடி? நான் வேணா நின்னுக்குறேன், பரவாயில்ல" என்றாள்.

அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்தது. தோளில் பையோடு தங்கை வந்தாள். ஒரு கன்னத்தில் மேக்கப்பைத் துடைத்திருந்தாள், மறு கன்னத்தில் அப்படியே இருந்தது. புருவம் கருகருவென்று வரைந்தபடி. எங்களைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"அம்மா?"

அம்மா வேகமாகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். முட்டிவலி எங்கே போனதோ தெரியவில்லை.

"எப்பம்மா வந்தீங்க?" தங்கையின் குரல் உடைந்தது. "இப்பதான் வண்டி வந்ததா?"

சொல்லாதே அம்மா, சொல்லாதே என்று என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அம்மாவுக்குக் கள்ளம் கபடம் கிடையாது.

"காலையிலேயே வந்துட்டோம்டி. ரெண்டு மணிக்கே இங்க வந்தாச்சு. அந்தச் சந்து டீக்கடையிலதான் உக்காந்திருந்தோம். மூன்றரைக்கு டிக்கெட் பாதி விலையாகும்னு அக்கா சொன்னா."

தங்கை எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். அவள் கண் மூன்று இடத்தில் நின்று நகர்ந்தது. என்னிடம் வந்ததும் நகரவில்லை. அவள் என்னைத் திட்டுவாள், அழுவாள், பையைத் தூக்கி எறிவாள் என்று காத்திருந்தேன். எறிந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அவள் மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள்.

"மூணு பேர்தான்க்கா குறைஞ்சது" என்றாள்.

"எனக்குத் தெரியாதுடி. சத்தியமா எனக்கு..."

"கவுன்டர் அண்ணன் ரெண்டரை மணிக்கு உள்ள வந்தாரு. 'நாலு பேரு வந்தாங்க, ஒரு அம்மா விலை எப்பக் குறையும்னு கேட்டுட்டுப் போயிட்டாங்க'ன்னாரு. எல்லாரும், 'அவ்வளவுதான், அவங்க எங்க திரும்பி வரப் போறாங்க'ன்னு வேஷத்தைக் கலைக்க ஆரம்பிச்சாங்க. நான்தான் விடல." அவள் துடைக்காத கன்னத்தில் கண்ணீர் கறுப்பாக இறங்கியது. "'அப்படிப்பட்ட ஆளு எங்க வீட்டுலயே இருக்கு. விலை குறையுதுன்னா எவ்வளவு நேரம் ஆனாலும் ஊரை விட்டு நகராது, அவங்க பக்கத்துலதான் எங்கேயாவது இருப்பாங்க, கண்டிப்பா வருவாங்க'ன்னு ஒவ்வொருத்தர் கையையும் பிடிச்சுக் கெஞ்சினேன். மூணு மணி வரைக்கும் மாடி ஜன்னலை விட்டு நகரலக்கா. யாருன்னே தெரியாம உன்னைத்தான் தேடிட்டு இருந்திருக்கேன்."

தங்கையின் கையைப் பிடித்திருந்த அம்மா அப்போதுதான் மெல்லத் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.