குளிர்ப்பெட்டிக்குள் சூடு

குசினி மேசையில் இருந்த பெட்டியின் மூடியைத் திறந்ததும் அருள்நாயகியின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. சூடும் குளிரும் வெளியே போகாத அந்தக் குளிர்ப்பெட்டிக்குள், முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லி தண்ணீரில் ஊறிக் கூழாகிக் கிடந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். சுட்டது. மனுசன் செத்து மூன்று மணித்தியாலம் ஆகிவிட்டது, இது இன்னும் சுடுகிறதே என்று முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது.

காலை ஒன்பது மணிக்கு அவள் புருசன் ஸ்ரீஸ்கந்தராசா பியர் காய்ச்சவென்று இதில் சுடுதண்ணீரையும் பார்லியையும் கலந்து மூடினார். "ஒரு மணித்தியாலத்தாலை வடிக்கவேணும் நாயகி. நான் மறந்தாலும் நீர் நினைவுபடுத்தும்" என்றார். அவள் வாய் திறக்கவில்லை. அவரோடு கதைத்து நாலு நாள். வெறும் போத்தல்கள் எடுக்க நிலவறைக்குப் போனவர், படியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். மத்தியானம் ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்துபோயிற்று.

சண்டை என்ன பெரிய சண்டை! இந்தக் குளிர்நாட்டுக் கோடையில் சொங்ஸ்வான் ஏரிக்கரைக்குச் சோறு கறி கொண்டுபோகவென்று அவள் ஆசைப்பட்டு வாங்கிய பெட்டி அது. மனுசன் பஸ் ஓட்டிவிட்டு வந்த களைப்போடு, தண்ணீர் வடிய அதன் அடியில் இருந்த ஓட்டையை அகலமாக்கிப் பித்தளைத் திருகுகுழாய் பூட்டினார். உள்ளே செப்புக் குழாயை வளைத்துப் படுக்க வைத்து, அதில் இரும்பறுக்கும் வாளால் வரிவரியாகக் கீறினார். பார்லிக் கோது உள்ளே நிற்குமாம், சாறு மட்டும் வெளியே வருமாம். பெருமை வேறு. சனிக்கிழமை ஒரு போத்தல் பியர், அதிலும் பாதி சிநேகிதன் கிளெமென்றுக்கு. இதற்குத்தான் இத்தனை கூத்து.

அந்தக் கிளெமென்ற் பஸ் சாரதி உடுப்போடேயே செத்தவீட்டுக்கு வந்திருந்தான். இரண்டு பேருக்கும் ஒரே டிப்போவில் வேலை. செத்தவரின் அக்கா இராசமணி பக்கத்து ஊர் லில்லெஸ்ட்ரோமிலிருந்து வந்து, அழுது ஓய்ந்து முன்னறையில் இருந்தாள்.

குசினிக்குள் எட்டிப் பார்த்த கிளெமென்ற் அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, இது இண்டைக்கு வைச்சதோ?"

"ஓம். என்ன செய்யிறது இதை? கொட்டுறதோ?"

"இப்ப வடிச்சு ஒரு மணித்தியாலம் கொதிக்க வைச்சால் பழுதில்லை. விட்டால் விடிய முதல் புளிச்சிடும்."

இராசமணி எழுந்து வந்தாள். "என்னடா தம்பி கதைக்கிறாய்? பிரேதம் ஆஸ்பத்திரியிலை கிடக்கேக்கை செத்தவீட்டிலை அடுப்பு மூட்டுறதோ? சாப்பாடு நான் வீட்டிலையிருந்து சமைச்சுக் கொண்டுவாறன்."

"அப்ப நான் என்ரை வீட்டை கொண்டுபோய்க் காய்ச்சுறன் அக்கா."

"நல்லாயிருக்கு! செத்தவீட்டிலையிருந்து ஆரும் ஒண்டும் கொண்டு போறேல்லை. அதுவும் சாராயச் சட்டி! குடிச்சுச் செத்தவன் எண்டெல்லோ சனம் கதைக்கும்."

அருள்நாயகிக்குச் சுருக்கென்று தைத்தது. "குடிகாரன்ரை வேலை" என்று நாலு நாளைக்கு முன் அவளும் சொல்லியிருந்தாள். அதுதான் அவரோடு கதைத்த கடைசிக் கதை.

பெரிய பானையைத் திருகுகுழாயின் கீழே வைத்துத் திறந்தாள். கலங்கலாக வந்தது.

"முதல் வாறதைத் திருப்பி மேலை ஊத்துங்கோ அக்கா."

ஊற்றினாள். பிறகு தேன் நிறத்தில் தெளிந்து இறங்கியது. ஒரு கோது இல்லை. மனுசன் சரியாகத்தான் கீறியிருக்கிறார். நல்லா வந்திருக்கு என்று சொன்னால் கேட்க அவர்தான் இல்லை.

கிளெமென்ற் பானையைத் தூக்கி அடுப்பில் வைத்தான்.

"நாயகி, சொல்லுறதைக் கேள்" என்றாள் இராசமணி.

"இந்த நாட்டிலை எரிக்க முறை வர இன்னும் பத்து நாள் செல்லும் எண்டு ஆஸ்பத்திரியிலை சொன்னவை மச்சாள். இந்தப் பத்து நாளும் நான் என்ன கதைச்சாலும் அவருக்குக் கேளாது. இதையாவது செய்ய விடுங்கோ."

மின்சார அடுப்பின் குமிழைத் திருகினாள். தட்டு மெல்லச் சிவந்தது. இராசமணி கதிரையில் அமர்ந்து சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பானை கொதிக்கத் தொடங்கியதும் கிளெமென்ற் பியருக்குப் போடும் கசப்புப் பூவை அளந்து போட்டான்.

"எப்ப குடிக்கலாம்?" என்று அருள்நாயகி கேட்டாள். மூன்று வருசமாக மனுசன் காய்ச்சுகிறார், ஒரு நாளும் கேட்டதில்லை.

"புளிக்க ரெண்டு கிழமை. போத்திலிலை ரெண்டு கிழமை."

"முப்பத்தோராம் நாள் படையலுக்குச் சரியா வரும்" என்றாள் இராசமணி. "விருப்பமானதை வைக்கத்தானே வேணும்."

நுரை பொங்கிப் பானையின் விளிம்புக்கு வந்தது. இராசமணி எழுந்து வந்து, அருள்நாயகியின் கையிலிருந்த அகப்பையை வாங்கிக் கிண்டத் தொடங்கினாள்.