ஆறு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம்

கச்சிராயபாளையத்தில் மாதா சப்பரம் இப்போது தெருத்தெருவாகப் போவதில்லை. தெருக்கள்தான் ஒவ்வொன்றாகச் சப்பரத்திடம் வந்து, மாதாவைப் பார்த்துவிட்டு, தங்கள் இடத்துக்குத் திரும்பிப் போகின்றன. முதல் தடவை இது நடந்த செப்டம்பர் எட்டாம் தேதி சாயங்காலம், திருவிழா என்பதால் மல்லிப்பூ விலை ஏறியிருந்தது. மற்றபடி விசேஷமாக ஒன்றுமில்லை. சத்துணவு அமைப்பாளர் செலினாவின் வீட்டு வாசலில் நிற்கும் ராணுவ லாரிதான் காரணம் என்பதில் ஊரில் யாருக்கும் சந்தேகமில்லை.

அது இரண்டாம் உலகப் போருக்காகச் செய்த லாரி. போர் முடிந்தபின் மலையில் மரம் ஏற்றி, கல் ஏற்றி, கடைசியில் கரியாலூரில் ஒரு பலாத்தோப்புக்குப் பின்னால் படுத்துவிட்டது. அதன் என்ஜின் மூடியைத் துளைத்துக்கொண்டு ஒரு கொய்யா மரம் வளர்ந்திருந்தது. பழங்களில் பெட்ரோல் வாசனை அடித்தது. செலினாவின் கணவன் அருளப்பன் ராணுவத்தில் டிரைவராக இருந்தவன். பனிமலைப் பாதையில் வண்டி கவிழ்ந்து இடுப்பு ஒடிந்து ஊர் திரும்பியபின், இரண்டு வருஷம் கட்டிலில் சுவரைப் பார்த்தே படுத்திருந்தான். மலையருவிக்குப் போய்வந்த சொந்தக்காரப் பெண் ஒருத்தி செல்போனில் அந்த லாரியின் படத்தைக் காட்டியபோதுதான் இந்தப் பக்கம் திரும்பினான். செலினாவுக்கு அது போதுமாயிருந்தது. அடுத்த வாரமே மலையேறிப் போய், தோப்புக்காரரிடம் விடாமல் பேசி லாரியை வாங்கிவிட்டாள். அதை இழுத்துவர அருளப்பனின் அண்ணன் லூர்துராஜின் கரும்பு டிராக்டர்தான் போனது. "மரக் கட்டில் போதாதுன்னு என் தம்பிக்கு இரும்புக் கட்டில் எடுத்துனு போறா" என்று அவர் வழியெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

அதற்குப்பின் போன வருஷங்களைச் செலினா லாரிக்கு அடியில்தான் கழித்தாள். அருளப்பன் முக்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல, அவள் மல்லாந்து படுத்துக் கழற்றினாள், தேய்த்தாள், மாட்டினாள். கிடைக்காத சாமானைக் கள்ளக்குறிச்சி லேத் பட்டறையில் கடைந்து வாங்கினாள். நகக்கண்ணில் கிரீஸோடு சத்துணவுக் கூடத்துக்குப் போனாள்; சாம்பார் ருசி தூக்கலாக இருக்கும் நாளெல்லாம் நேற்று லாரி வேலை நன்றாக நடந்திருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். கொய்யா மரத்தை வெட்ட மனம் வராமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாள். பிஸ்டன் வந்து சேர்ந்த காலையில் மரம் தானாகவே இறங்கி, கிணற்றோரம் போய் நின்றுகொண்டது. பிரேக் பிடித்த மாதம் அருளப்பன் ஊன்றுகோலைக் கீழே வைத்தான். கியர் விழுந்த அன்று சமையல்கட்டு வரை நடந்து வந்து, அவளுக்குத் தன் கையால் டீ போட்டுக் கொடுத்தான். சர்க்கரை போட மறந்திருந்தான். அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

மாதா சப்பரத்தை வருஷாவருஷம் சுமந்தது லூர்துராஜின் டிராக்டர். லாரி தயாரான வருஷம் கோவில் கூட்டத்தில் செலினா எழுந்து, இந்தத் தடவை எங்கள் லாரியில் என்றாள்.

"இன்னாம்மா பேசற நீ? பழைய இரும்புல மாதாவ ஏத்துவியா?" என்றார் லூர்துராஜ்.

"ஏத்துவேன் மாமா. அன்னிக்கு மாதா எங்க வண்டில ஏறலன்னா, நீங்களே அத வெட்டி இரும்புக் கடையில போட்டுடுங்க."

வீட்டுக்கு வந்ததும் அருளப்பன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். "வார்த்தைய வுட்டுட்டியேடி. அத வெட்டனா என்னையும் சேத்து வெட்டன மாதிரிதான்."

"தெரியும். தெரிஞ்சிதான் சொன்னேன்" என்றாள் செலினா.

திருவிழாவுக்கு முந்தின வாரம், செலினாவின் வாசலுக்கு எதிரே இருந்த துண்டு நிலம் தன் பாகத்தில் வருகிறது என்று லூர்துராஜ் அங்கே ஒரு சுவர் எழுப்பினார். ஸ்கூட்டர் நுழைய மட்டும் சந்து விட்டார். டீக்கடை சுப்புராயன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எங்கிட்ட கடப்பாரை கீது, எடுத்தாரட்டா?" என்று கேட்டார். "வாணாங்கண்ணா. அவரு செவுத்துல நான் கை வெக்க மாட்டேன். வண்டியும் நிக்காது" என்றாள் செலினா. எப்படி என்று அவளுக்கும் தெரியவில்லை. ஆனாலும் மறுநாள் லாரிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தாள்.

எட்டாம் தேதி சாயங்காலம் லாரியைச் சுற்றிக் கூட்டம் கூடியது. ஃபாதர் தீர்த்தம் தெளித்தார். புது வண்டி சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்காமல் ஊரில் எதுவும் கிளம்பியதில்லை என்பதால் சுப்புராயன் பழம் கொண்டுவந்தார். ஃபாதர் அந்த நேரம் மலைப்பக்கம் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டி என்றால் நாலு பழம் என்பது சுப்புராயனின் கைப்பழக்கம். இதற்கு ஆறு சக்கரம் என்பது வைத்து முடித்த பிறகுதான் தெரிந்தது.

"ரெண்டு கம்மியாயிடுச்சேம்மா, ஓடிப்போய் வாங்கியாரட்டா?"

"போதுங்கண்ணா. கெளப்பலாம்."

செலினா லாரிக்கு முன்னால் குனிந்து ஸ்டார்ட் பண்ணும் கம்பியை நுழைத்துச் சுற்றினாள். என்ஜின் பிடித்தது. ஸ்டியரிங்கில் அருளப்பன், விபத்துக்குப் பின் முதல் தடவை. கியரைப் போட்டான், கிளட்சை விட்டான். லாரி உறுமியதே தவிர இம்மியும் நகரவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் லூர்துராஜ் சிரித்தார். "ஊரே வந்தாலும் இது இந்த வாசலத் தாண்டாது!"

செலினா ஏறி, பக்கத்தில் உட்கார்ந்து, அவன் கைமேல் தன் கையை வைத்து, "அப்ப ஊரே வரட்டும். நீங்க மிதிங்க" என்றாள்.

அவன் மிதித்தான். முதலில் சுவர் அசைந்தது. பஸ்ஸில் இறங்குகிறவருக்கு வழிவிடும் ஆள்போல உடம்பை ஒருக்களித்து, அது லாரியை உரசாமல் விலகிப் போயிற்று. பின்னாலேயே மாதா கோவில், மணி அடித்தபடி, படிக்கட்டு முன்னால் வர, நிதானமாக வந்து நின்றது. ஆட்கள் மாதா சொரூபத்தைத் தூக்கி லாரியில் வைத்தார்கள். கோவில் பின்வாங்க, மேட்டுத்தெரு வந்தது. வாசலுக்கு வாசல் ஜனங்கள் மெழுகுவர்த்தியோடு நின்றபடியே வந்து, கும்பிட்டு, அப்படியே போனார்கள். அடுத்து கடைத்தெரு, தராசில் பூ நிறுத்துக்கொண்டிருந்த பூக்காரி காசியம்மாளையும் சேர்த்துக்கொண்டு வந்தது. கள்ளக்குறிச்சி டவுன் பஸ், தான் போக வேண்டிய ரோடு வந்து போகும்வரை, விசில் அடித்துக்கொண்டு காத்திருந்தது. கடைசியாக லூர்துராஜின் தெரு அவரையும் வழியில் அள்ளிக்கொண்டு வந்தது. அவர் தன் வாசலில், கையில் எப்படியோ வந்துவிட்ட மெழுகுவர்த்தியோடு நின்றார். மாதாவைப் பார்த்தார். ஸ்டியரிங்கில் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்திருப்பதைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். தெரு அவரைத் திருப்பிக் கொண்டுபோயிற்று.

எல்லாம் முடிந்து பார்த்தபோது நாலு எலுமிச்சம்பழமும் சக்கரத்தடியில் நசுங்காமல் கிடந்தன. பழம் வைத்த நாலு சக்கரம் போகலாம் என்றும் வைக்காத இரண்டு நிற்கலாம் என்றும் சொன்னதால், வேறு வழியில்லாமல் ஊர் நகர்ந்தது என்று சுப்புராயன் விளக்கினார். வேறு விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை. எல்லாத் தெருக்களும் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சுவர் மட்டும் லூர்துராஜின் டிராக்டர் கொட்டகைக்கு முன்னால் போய் நின்றுவிட்டது. அவர் இரண்டு தடவை இடித்தார்; விடிந்ததும் அது மறுபடி அங்கேயே நின்றது. பிறகு டிராக்டரின் மேல் துணி போட்டு மூடிவிட்டார்.

இந்த வருஷம் திருவிழாவன்று மத்தியானம் லூர்துராஜ் ஒரு பையோடு வந்தார். "ஆறு பழம் கீது. இந்தத் தடவயாச்சும் கொறையில்லாம வெச்சிடும்மா. செவுரு அது எடத்துக்குப் போவட்டும்" என்றார். செலினா பையை வாங்கி, நாலு பழத்தைச் சக்கரத்துக்கு எடுத்து வைத்தாள். மீதி இரண்டைப் பிழிந்து, சர்க்கரை தாராளமாகப் போட்டு, ஜூஸாக அவரிடமே நீட்டினாள்.

"குடிங்க மாமா. ஒங்க தெரு கடைசியாத்தான் வரும்."

அவர் நின்றபடியே குடித்து, தம்ளரைக் கொடுத்துவிட்டு, வேகமாக நடந்தார். தெரு கிளம்பும்போது வாசலில் இருக்க வேண்டும். மெழுகுவர்த்தி வேறு வாங்க வேண்டியிருந்தது.