பிரேக் மிதிக்கும் கால்

பத்தொன்பது வருடம் பேருந்து ஓட்டியவள் நான். ஒரு பக்கக் கண்ணாடியைக்கூட எங்கும் உரசியதில்லை. அப்படிப்பட்டவள், நின்றுகொண்டிருந்த பேருந்திலிருந்து இறங்கும்போது விழுந்தேன். அதுவும் சும்மா இறங்கவில்லை, படியை அடைத்துக்கொண்டு போனில் பேசிய ஒரு ஆளைத் திட்டிக்கொண்டே இறங்கினேன். திட்டு முடிவதற்குள் படி முடிந்துவிட்டது. வலது கணுக்கால் இரண்டு இடத்தில் உடைந்தது. அந்த ஆள்தான் என்னை உட்கார வைத்து, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டு, அது வரும்வரை என் ஒற்றைக் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். திட்டியதைத் திரும்ப வாங்கவும் முடியாமல், நன்றி சொல்லவும் வாய் வராமல், பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

அறுவை சிகிச்சை செய்து ஒரு தகடும் ஏழு திருகும் வைத்தார்கள். மறுநாள் மருத்துவர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிக் காட்டினார். என் காலுக்குள் ஒரு சின்னப் பட்டறையே இருந்தது.

"எல்லாரும் நடப்பேனான்னுதான் கேப்பாங்க. நீங்க ஒண்ணுமே கேக்கலையே?" என்றார்.

"நடக்கிறது கிடக்கட்டும் டாக்டர். பிரேக் மிதிப்பேனா?"

"அஞ்சு மாசம் பொறுங்கம்மா. அப்புறம் பாக்கலாம்."

பொறுமைக்கும் எனக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. டிப்போவில் எனக்கு மிலிட்டரி என்று பெயர். முதல் ஆறு வாரம் அந்தக் கால் தரையில் படவே கூடாது என்றார்கள். கட்டிலிலிருந்து கழிப்பறை பதினோரு அடி. வாக்கரைத் தூக்கி வைத்து, இடது காலால் தத்தித் தத்திப் போய்ச் சேர்வதற்குள் போன காரியமே மறந்துவிடும். காலில் பிளாஸ்டிக் பையைக் கட்டி, குளியலறையில் நாற்காலி போட்டு, என் கணவர்தான் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வரும். தண்ணீர் ஊற்றும்போது அழுதால் தெரியாது என்பதால் அங்கேயே அழுது முடித்துக்கொள்வேன்.

அவர் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவர். நாள் முழுக்க, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்டுக் கேட்டு, அதுவே பேச்சாகிப்போன மனுஷன். காலுக்குக் கீழே தலையணை வைத்தால்கூட, "இப்ப நல்லா இருக்கா, முன்னாடி வச்சது நல்லா இருந்துச்சா?" என்பார்.

"ரெண்டும் நல்லா இல்லைங்க. ஆளை விடுங்க."

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். மூன்றாவது விதமாக ஒரு தடவை வைத்துப் பார்ப்பார்.

கட்டுப் பிரித்தபோது கால் என் கால் மாதிரியே இல்லை. ஆடுசதை வற்றி, தோல் உரிந்து, சாயங்காலமானால் கத்தரி நிறத்தில் வீங்கி நின்றது. பிசியோதெரபிப் பெண் கெட்டிக்காரி, என் வாய்க்கெல்லாம் மசியவில்லை. ரப்பர் பட்டையை இழுக்க வைத்தாள், கட்டை விரலால் காற்றில் எழுத்து எழுத வைத்தாள். நான் டிப்போ மேலாளரின் பெயரை எழுதி அடித்தேன். நாலாவது மாதம் அவளே ஒரு யோசனை சொன்னாள். குளியலறையில் எடை பார்க்கும் மிஷினைச் சுவரில் சாய்த்து வைக்க வேண்டும். எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, வலது பாதத்தால் ஒரே மிதி.

"முள்ளு நாப்பது கிலோவைத் தொடணும். ஒரு தடவை இல்ல, வரிசையா இருபது தடவை. அது வராம டெஸ்டுக்குப் போகாதீங்க."

டெஸ்ட் என்பது டிப்போவில் வைக்கிற தகுதித் தேர்வு. அதில் தோற்றால் பிறகு விசாரணை ஜன்னல்தான், மறுபேச்சு கிடையாது. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வரும் என்று ஓய்வு பெறும்வரை சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். வண்டி ஓட்டாமல் நான் என்ன ஆளென்று எனக்கே தெரியாது. சமையல் வராது, தையல் வராது, யாருக்கும் இதமாக ஒரு வார்த்தை சொல்ல வராது. நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தாமல் நிறுத்த வரும். அது ஒன்றுதான் வரும்.

மிதிக்கும்போது மிஷினின் முள்ளை என் பாதமே மறைத்துவிடும். அதனால் அவர் தரையில் மண்டியிட்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படிப்பார். "முப்பத்தி மூணு." "முப்பத்தி நாலு." "முப்பத்தி ஒண்ணு." இரண்டு வாரம் இதே பாட்டு. எண் படிப்பதே தொழிலாக வைத்திருக்கிறவர் சொன்னால் எப்படிச் சந்தேகப்படுவது? மிதித்து மிதித்துத் திருகு இருக்கிற இடமெல்லாம் தெறித்தது. முள் மட்டும் முப்பத்தி நாலைத் தாண்டவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை டிப்போ மேலாளருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். 'எனக்கு விசாரணை ஜன்னல் பணியே போதும்.' தோற்றுப்போய்க் கிடைப்பதை நானே கேட்டு வாங்கியதாக இருக்கட்டும் என்ற வீராப்புதான். அவரிடம் காட்டினேன். படித்துவிட்டு மடித்துக் கொடுத்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. எனக்காகத்தான் நிம்மதிப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவருக்குக் கடையில் கூட்டம், வரத் தாமதம். அவருடைய தங்கை என்னைப் பார்க்க வந்திருந்தாள். என் நாத்தனார் எதிலும் மூக்கை நுழைக்காமல் இருக்க மாட்டாள்.

"அது என்ன அண்ணி, எடை மிஷினைப் போய்ச் சுவத்துல சாய்ச்சு வச்சிருக்கீங்க? எடை கூடிடுச்சுன்னு கோவமா?"

"வாயடிக்காம அந்த முள்ளைப் படி" என்று சொல்லி ஒரு மிதி மிதித்தேன். பழக்க தோஷம்தான்.

"நாப்பத்தி நாலு."

"கண்ணைத் தொடைச்சுட்டுப் படிடி."

"நல்லாத்தான் தெரியுது. இன்னொரு தடவை மிதிங்க. நாப்பத்தி அஞ்சு. இன்னொண்ணு... நாப்பத்தி மூணு. என்ன அண்ணி, ஏன் இப்படிப் பாக்கறீங்க?"

இருபது தடவை மிதித்தேன். ஒன்றுகூட நாற்பதுக்குக் கீழே இறங்கவில்லை. எழுதி வைத்த கடிதத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டேன். விஷயம் புரிந்ததும் நாத்தனார் பையை எடுத்துக்கொண்டு நைஸாக நழுவிவிட்டாள்.

அவர் உள்ளே வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"முப்பத்தி மூணா? முப்பத்தி நாலா? யார் காதுல பூ சுத்தறீங்க?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாகக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"பயமா இருந்துச்சு" என்றார். "பத்தொன்பது வருஷமா நீ வீட்டுக்கு வர்ற வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் ஓடாது. சொன்னா நீ சிரிப்ப, அதான் சொல்லல. இந்த அஞ்சு மாசம்தான் நிம்மதியா இருந்தேன்."

"உங்க நிம்மதிக்கு என் பொழப்பைக் காவு குடுப்பீங்களா?"

"தப்புதான். ஆனா அது மட்டும் இல்ல." தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "அடுத்தவங்க கண்ணைப் பாக்கறதுதான் என் தொழில். நீ மிதிக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக்கி மூடித் திறக்கிற. அதுக்கப்புறம்தான் கால் போகுது. வலிக்கப்போகுதுன்னு கால் பயப்படுது. உனக்கே தெரியல. இதை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல. எண்ணைக் குறைச்சுச் சொல்லிட்டேன்."

"பொய் சொன்னதுக்கு இப்ப வியாக்கியானமா?" என்று எகிறினேன். அன்றோடு பேச்சை நிறுத்தினேன். அவர் சமைத்து வைப்பார், நான் சாப்பிடுவேன், தட்டு மட்டும் சத்தம் போடும். உடைந்த கால்கூட அப்படி வலித்ததில்லை. இந்த உலகத்தில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான்.

தேர்வு நாள் வந்தது. தேர்வு அதிகாரி பெரிய மீசை வைத்த மனிதர், சிரிப்புக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். டிப்போவுக்குப் பின்னால் காலி மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கூம்புகள் வைத்திருந்தார்கள். ஐந்து மாதம் கழித்து இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்தேன். கியர் போட்டேன், வேகம் பிடித்தேன். "நிறுத்து!" என்றார். மிதித்தேன். வண்டி முதல் கூம்புக்கு நாலடி முன்னால் நின்றது. மூன்று தடவை சொன்னார், மூன்று தடவையும் நிறுத்தினேன்.

"பரவால்லையே மிலிட்டரி" என்று சொல்லிக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

நான் ஸ்டியரிங்கை விடவில்லை. அவர் "நி" என்று தொடங்கியபோது கூம்பு ஒரு இடத்தில் இருந்தது. அடுத்து நான் பார்த்தபோது அது கிட்டே வந்திருந்தது. நடுவில் கொஞ்சம் தரையைக் காணவில்லை. மூன்று தடவையும் காணவில்லை. இவ்வளவுக்கும் அவர் சொல்லப்போகிறார் என்று எனக்கு முன்கூட்டியே தெரியும். ரோட்டில் குறுக்கே வருகிறவன் சொல்லிவிட்டா வருவான்?

வாயை மூடிக்கொண்டு இறங்கியிருக்கலாம். என் கணவரைத் தவிர யாருக்கும் தெரியாது, அவரோடுதான் பேச்சே இல்லையே. கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன்.

"சார், அதை அடிச்சிடுங்க."

"எதை?"

"பாஸ் போட்டீங்களே, அதை. மிதிக்கிறதுக்கு முன்னாடி கண்ணை மூடிடறேன் சார். பலம் இருக்கு. பயம் போகல."

"ஏம்மா, ஃபெயில் போடுங்கன்னு கேட்டு வந்த ஆளை நான் சர்வீஸ்லயே பாத்ததில்ல." பேனாவை மூடி, என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரெண்டு மாசம் தள்ளி வைக்கலாம். ஒரே ஒரு தடவைதான். அதுவரைக்கும் ஜன்னல். உங்க ரூட்டு வேற ஆளுக்குப் போயிரும், திரும்பி வரும்னு நான் வாக்குக் குடுக்க முடியாது."

ரூட்டும் வண்டியும் சீட்டி என்று நாங்கள் கூப்பிடும் டிரைவருக்குப் போயின. எப்போது பார்த்தாலும் சீட்டி அடித்துக்கொண்டே திரிகிற வால் பையன், வண்டியை எடுத்ததும் என் இருக்கையைத்தான் முதலில் பின்னால் தள்ளினான்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். அவர் அழுதுவிட்டார்.

"நான் சொன்னதாலயா?"

"நீங்க சொன்னது நிஜம்ங்கறதால. பொய் சொன்னதுக்கு இன்னும் கோவம் தீரல, அது தனி. இப்ப எனக்கு உதவி பண்ணுங்க. நான் எதிர்பாக்காத நேரத்துல மிதிக்க வைக்கணும்."

அன்றிலிருந்து வீடு போர்க்களம்தான். நான் மிஷினுக்கு எதிரே உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். அவர் பின்னால் நின்று திடீரென்று ஒரு எவர்சில்வர் தட்டைக் கீழே போடுவார். சத்தம் கேட்டதும் மிதிக்க வேண்டும். அவர் முன்னால் வந்து என் கண்ணைப் பார்ப்பார். "மூடினே." மறுபடி தட்டு. "மூடினே." கீழ் வீட்டு அம்மாள் ஒரு நாள் மேலே ஏறி வந்து, "வயசான காலத்துல தினமும் இப்படியா சண்டை போடுவீங்க?" என்று இருவருக்கும் பொதுவாகப் புத்தி சொல்லிவிட்டுப் போனாள். மூன்று தட்டு நெளிந்தது. கண் மூடுவது நிற்கவில்லை. குறைந்ததா என்று கேட்டால், இப்போது உள்ளதை உள்ளபடி சொன்னார்: "இல்ல."

பகலில் ஜன்னல். எந்த வண்டி, எத்தனை மணிக்கு, எங்கே நிற்கும். ஒரே கேள்வியை நூறு பேர் கேட்பார்கள். முதல் வாரம் எரிந்து விழுந்தேன். ஏழாவது வாரம் எரிந்து விழவும் தெம்பில்லை. தேர்வுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. இதுதான் இனி என் இடம் போலிருக்கிறது என்று நினைக்க ஆரம்பித்திருந்தேன்.

அன்று மத்தியானம் ஒரு அம்மாவுக்கு நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்கு வெளியே சீட்டி என் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். பச்சைச் சட்டை போட்ட ஒருவர் போனைப் பார்த்தபடி நேராக அதன் பின்னால் நடந்து வந்தார்.

மேசைக்கடியில் என் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. நாற்காலி பின்னால் போய் அலமாரியில் இடித்தது. சீட்டி அதற்கப்புறம்தான் பிரேக் அடித்தான். வண்டி குலுங்கி நின்றது. அந்த ஆள் துள்ளி ஒதுங்கி, போனைக் கீழே போட்டு, குனிந்து எடுத்தார். அவர் சட்டையின் பின்பக்கம் மடிப்புக் கலைந்திருந்தது வரைக்கும் பார்த்தேன். பிரேக் விளக்கு எரிந்ததைப் பார்த்தேன். முதலிலிருந்து கடைசிவரை முழுசாகப் பார்த்தேன்.

கணுக்கால் விண் விண்ணென்று தெறித்தது. ஜன்னலுக்கு வெளியே அந்த அம்மா, "என்னம்மா ஆச்சு?" என்றாள். ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு என் கணவருக்குப் போன் செய்தேன். கடையில் யாருக்கோ பார்வை சோதித்துக்கொண்டிருந்தார்.

"கால் அதுவா மிதிச்சிருச்சுங்க. நான் சொல்லவே இல்ல."

"கண்ணு?"

"தொறந்தே இருந்துச்சு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அழறீங்களா?"

"ம்."

"சந்தோஷத்துலயா, பயத்துலயா?"

"ரெண்டும்தான்" என்றார். "இனிமே மறுபடி சாயங்காலம் நீ வர்ற வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும்."

பத்தொன்பது வருடம் அவர் அப்படி உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாது. இனிமேல் ஒவ்வொரு நாளும் தெரியும். எனக்கும் அழுகை வந்தது, ஜன்னலுக்கு வெளியே பத்துப் பேர் நிற்பதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

"உக்காந்திருங்க" என்றேன். "வந்துருவேன்."