எண்ணெய் தொடாத வீடு

கிருபாவின் இடது காலில் கட்டுக்குப் பதிலாக முழங்கால் வரை ஒரு கறுப்பு பூட்ஸை மாட்டி, ஆறு வாரம் ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிய நாளிலிருந்து அவள் மனசில் ஒரே கேள்விதான். ரேகாவுக்கு மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை?

ரேகா அவளுடைய நாத்தனார், கணவன் சுப்ராயனின் தங்கை. அனுமந்தை கிராமத்தில் எல்லோருக்கும் ஒரே வீடு, ஒரே அடுப்பு. அண்ணியும் நாத்தனாரும் ஒன்றரை வருஷமாகச் சேர்ந்துதான் ஓடினார்கள். விடிவதற்குள் ஸ்கூட்டியில் மரக்காணம் போய், உப்புப் பாத்திகளுக்கு நடுவே போகும் மண் பாதையில் எட்டு கிலோமீட்டர். ஷூவைக்கூட ஒரே நாளில் பாண்டியில் ஒரே கடையில் வாங்கினார்கள். ஆனால் கிருபாவுக்கு மார்கழியில் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலித்தது. சரியாகி ஓடினாள். மறுபடி வலித்தது. இப்போது எலும்பில் மயிரிழை விரிசல். ரேகாவுக்குச் சுளுக்குகூட இல்லை. நாளுக்கு நாள் வேகம்தான் கூடியது.

சாப்பாட்டிலும் வித்தியாசம் கிடையாது. ஆயுத பூஜைக்குப் பிறகு அந்த வீட்டு அடுப்பங்கரையில் எண்ணெய் நுழையவில்லை. ஓடுகிறவர்களுக்குக் கொழுப்பு வெறும் பாரம் என்று போனில் ஒருத்தர் அரைமணி நேரம் பேசிய வீடியோவை கிருபா இரண்டு தடவை பார்த்தாள். மறுநாளே எண்ணெய் கேனைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அவித்த மீன், தேங்காய் போடாத குழம்பு, தாளிக்காத ரசம். முட்டையில் வெள்ளைக் கருவை எடுத்துக்கொண்டு மஞ்சளைப் பூனைக்குப் போட்டாள். மூன்று மாதத்தில் ஏழு கிலோ குறைந்தது.

சுப்ராயன் மட்டும்தான் முணுமுணுத்தான். "மீன தண்ணில வேக வெச்சு குடுக்கறியே, கடல்லயும் அது தண்ணிலதான இருந்துச்சு? அத ஏன் நான் கஷ்டப்பட்டு புடிச்சிட்டு வரணும்?"

ரேகா ஒரு வார்த்தை பேசாமல் தட்டைக் காலி செய்வாள். அதுவும் இப்போது கிருபாவுக்கு உறுத்தியது. இருபத்தி நாலு வயசுப் பெண் மூன்று மாதமாக இதைச் சாப்பிட்டு ஒரு முறைகூட முகம் சுளிக்கவில்லையே!

வீட்டில் உட்கார்ந்து பிளவுஸ் தைக்கிற கிருபா, கால் போன பிறகு ரேகாவைக் கவனிப்பதையே வேலையாக வைத்துக்கொண்டாள். உப்பு பாக்கெட் போடும் கம்பெனியில் ரேகாவுக்கு ஒன்பது மணிக்குத்தான் வேலை. ஓட்டம் ஏழு மணிக்கு முடிந்துவிடும். முன்பெல்லாம், "அண்ணி, நீங்க பஸ்ஸுல போயிடுங்க, எனக்கு லோடு வருது" என்று தன்னை அனுப்பிவிடுவாளே, ஏழு மணிக்கு என்ன லோடு? சாயங்காலம் வந்ததும் முதல் வேலையாக வாயைக் கொப்பளிக்கிறாளே, எதற்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேகா குளிக்கப் போனபோது கிருபா அவள் பையைத் திறந்தாள். சீப்பு, சார்ஜர், அடியில் ஒரு மாத்திரை அட்டை. எட்டில் ஐந்து காலி. அட்டையின் இரண்டு ஓரமும் கிழிந்து, பெயரில் நடு எழுத்து மூன்றுதான் மிச்சம். இசட், ஓ, எல். அந்த மூன்று எழுத்தோடு 'ஓட்டக்காரர்கள் மாத்திரை' என்று போனில் போட்டுத் தேடினாள். விளையாட்டு வீரர்கள் திருட்டுத்தனமாகப் போட்டு மாட்டிக்கொள்கிற ஒரு மருந்தின் பெயர் வந்தது. அதன் நடுவிலும் அதே மூன்று எழுத்து.

அட்டையை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள். சொல்ல வெட்கப்படும் அளவுக்கு ஒரு நிம்மதி வந்தது. அப்படியானால் தப்பு தன் உடம்பில் இல்லை.

மரக்காணத்தில் உடற்பயிற்சி ஆசிரியராக இருக்கும் சகாதேவன்தான் அவர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர். பெரிய முதலியார்சாவடியில் நடக்கப்போகும் தொடர் ஓட்டத்துக்கு நாலு பெண்கள் கொண்ட அணியை அவர் அனுப்ப இருந்தார். கிருபாவின் இடம் ஏற்கெனவே வேறொரு பெண்ணுக்குப் போய்விட்டது. திங்கட்கிழமை அவள் அவருக்குப் போன் செய்தாள்.

"சார், நான் சொன்னேன்னு சொல்லாதீங்க. ரேகா என்னமோ மாத்திர போடறா."

"கண்ணால பாத்தியாம்மா?"

"பையில பாத்தேன் சார்."

"வெள்ளிக்கெழம பேர் அனுப்பணும். அதுவரைக்கும் அவ பேர நிறுத்தி வெக்கறேன்."

புதன்கிழமை கிளியனூரில் டாக்டர் வைஜெயந்தியிடம் காலைக் காட்டப் போனாள். டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, காலைப் பற்றிக் கேட்காமல் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். கிருபா பெருமையாகவே எல்லாவற்றையும் சொன்னாள்.

"மாசா மாசம் தலைக்கு ஊத்திக்கறீங்களா?"

கிருபா தயங்கினாள். "மூணு மாசமா இல்ல. ஓடற அலுப்புன்னு நெனச்சேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "இது ஒண்ணாலதான் எலும்பு விட்டுச்சுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஓடற பொம்பளைங்கள்ல, கொழுப்பு ரொம்ப கம்மியா சாப்பிடறவங்களுக்கு அடி படறது அதிகமா இருக்குன்னு ஆராய்ச்சில பாத்திருக்காங்க. உங்களுக்கு மொத்த சாப்பாடே பத்தல. உடம்பு எங்கேந்து எடுக்கும்? எலும்பத்தான் அரிக்கும்."

கிருபாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "என் நாத்தனாரும் இதையேதான் சாப்பிடறா டாக்டர். அவ நல்லாதான இருக்கா?"

"இதையேதான் சாப்பிடறாங்களா? உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?"

அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. வியாழக்கிழமை காலை ரேகா ஸ்கூட்டியில் கிளம்பிய பத்தாவது நிமிஷம் கிருபாவும் பூட்ஸ் காலோடு பஸ் ஏறினாள். உப்பளத்துப் பக்கம் இறங்கி, ஒரு குடோன் சுவருக்குப் பின்னால் நின்றாள். பாத்திகளில் அப்போதுதான் தண்ணீர் விட்டிருந்தார்கள். தூரத்தில் ரேகா ஓடி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, கம்பெனிக்கு எதிர்ப்பக்கமாக நடந்தாள். லாரிகள் நிற்கிற இடத்தில் ஓலைக் கொட்டகை ஒன்று இருந்தது. அதற்குள் நுழைந்தாள்.

கிருபா நொண்டிக்கொண்டே போய் வாசலில் நின்றாள்.

ரேகா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தட்டு. அதில் எண்ணெயில் முறுக வறுத்த நெத்திலி, தேங்காய்ச் சட்னியில் மிதக்கும் நாலு இட்லி, முழுசாக இரண்டு முட்டை. அண்ணியைப் பார்த்ததும் வாயில் போட்டது அப்படியே நின்றது.

கடைக்காரம்மா பாப்பாத்திக்கு விஷயம் புரியவில்லை. "வாம்மா, உக்காரு. உனக்குத் தெரிஞ்ச பொண்ணா? மூணு மாசமா தெனம் காலைலயும் சாயங்காலமும் இங்கதான். பாவம், அவங்க வூட்ல எண்ணெயே வாங்கறது இல்லையாமே?"

கிருபா பெஞ்சில் உட்கார்ந்தாள். "இதுக்குத்தான் வந்தியா?"

"பசி தாங்கல அண்ணி," என்றாள் ரேகா. "ரெண்டு வாரம் நீங்க குடுத்ததத்தான் சாப்ட்டேன். ஓடும்போது கண்ண இருட்டிட்டு வந்துச்சு. நீங்க அவ்ளோ ஆசையா ஆக்கிப் போடறீங்க, எப்படி வேணாம்னு சொல்றது?"

"அந்த மாத்திர?"

"எந்த மாத்திர?" ரேகாவின் குரல் மாறியது. "என் பையில இருக்கறதா? அது நெஞ்செரிச்சலுக்கு. வெறும் வயித்துல ஓடிட்டு வந்து இவ்ளோ வறுவல் துன்னா எரியாதா? அது உங்களுக்கு எப்படி தெரியும்?"

கிருபா அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பஸ் வருகிறது என்று எழுந்து போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை சகாதேவனுக்குப் போன் செய்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார், "அந்தப் பொண்ணு நேத்து வந்து, என் பேரு ஏன் சார் இல்லன்னு கேட்டு அழுதுச்சு. நான் காரணம் சொல்லல. பேர நான் சேத்துடறேன். ஆனா அவகிட்ட நீதான் சொல்லணும். இன்னிக்கே சொல்லணும்."

சாயங்காலம் ரேகா ஸ்கூட்டியை நிறுத்தும்போதே கிருபா வாசலுக்கு வந்தாள். பையைத் திறந்தது, போனில் தேடியது, சாரிடம் சொன்னது, ஒன்றையும் விடாமல் சொன்னாள். ரேகா கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். ரேகா கத்தவில்லை.

"ஒரு வார்த்த என்ன கேட்டிருக்கலாம்ல?" என்றாள். "உங்களுக்கு கால் போச்சுன்னு எனக்கும் போகணும்னு நெனச்சீங்க. அதான?"

அது பொய்யில்லை என்று கிருபாவுக்குத் தெரியும்.

ஓட்டத்தன்று கிருபா தனியாக பஸ்ஸில் போய், பெரிய முதலியார்சாவடியில் ரோட்டோரம் நின்றாள். ரேகா தன் அணியின் மூன்றாவது ஆளாக ஓடி வந்தாள். தோள் தளரவில்லை. அண்ணி நின்ற பக்கம் அவள் திரும்பவும் இல்லை. அணிக்கு ஏழாவது இடம் கிடைத்தது.

வீட்டில் எண்ணெய் திரும்பி வந்தது. சுப்ராயன் அன்றைக்குப் பிடித்த மத்தி மீனை வறுக்கச் சொல்லி, எட்டை நின்றபடியே தின்றான். ரேகாவும் சாப்பிட்டாள், ஆனால் பேசவில்லை. வேலையிலிருந்து வந்ததும் பையைத் தன் அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுச் சத்தம் ஒவ்வொரு சாயங்காலமும் கிருபாவுக்குக் கேட்டது. இரண்டாவது மாதம் அவளுக்கு மாதவிலக்கு திரும்பியது. மூன்றாவது மாதம் பூட்ஸ் இல்லாமல் வேகமாக நடக்க ஆரம்பித்தாள்.

சித்திரையில் ஒரு மத்தியானம். கிருபா சாப்பிட்டு முடித்து எழுந்தபோது ரேகா எதிரே வந்து நின்றாள்.

"தட்டக் காட்டுங்க."

"எதுக்கு?"

"மீன்ல பாதிய பூனைக்கு போடறீங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்," என்றாள் ரேகா. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. தட்டை வாங்கி, முள்ளைப் புரட்டிப் பார்த்தாள். பிறகு அடுப்பங்கரைக்குப் போய் இன்னொரு துண்டை எடுத்துவந்து தட்டில் வைத்தாள். "நாளைக்கு அஞ்சு மணிக்கு கிளம்பலாம். நீங்க நடங்க, நான் ஓடறேன்."

கிருபா மறுபடி உட்கார்ந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்தத் துண்டையும் சாப்பிட்டாள்.