இன்னும் ஒரு கூட்டம்

மூன்றாவது தடவையும் படகின் மோட்டார் சேற்றைக் கடித்துக்கொண்டு நின்றுபோனது. நோலன் அதை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினான். தண்ணீர் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாண்தான் இருந்தது. அதற்கடியில் தொடைவரை உள்ளே இழுக்கும் கறுப்புச் சேறு.

"நீ எறங்காத மச்சான். அப்படியே படுத்திரு."

"எறங்குற நெலமையிலயா இருக்கேன்?" என்றான் டட்லி.

படகின் அடித்தட்டில், பறவையை ஏமாற்றி இறக்க மிதக்கவிடும் பொம்மை வாத்துகள் அடைத்த சாக்கில் தலைவைத்துக் கிடந்தான். கை விறைக்கும் அந்தக் குளிரிலும் அவன் நெற்றியில் வியர்வை பொடித்திருந்தது.

நோலன் படகின் பின்புறத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளினான். ஓரடி நகர்ந்தது. காலைப் பிடுங்கி முன்னால் வைத்து மறுபடியும் தள்ளினான். நாணலுக்கு அப்பால் கால்வாய் இருந்தது. அங்கே எப்போதும் ஆளாழம் தண்ணீர் நிற்கும். அதை எட்டிவிட்டால் படகுத்துறைக்குப் பத்தே நிமிடம். எட்டுவதற்கு இன்னும் முந்நூறு கஜம் இருந்தது.

கிளம்புமுன் சிக்னலுக்காக வேட்டைக் குடிலின் கூரைமேல் ஏறி நின்று ஷெரீப் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டிருந்தான். சேற்றின் மேலேயே ஓடும் காற்றாடிப் படகு அவர்களிடம் ஒன்றுதான் இருந்தது. அது விரிகுடாவின் மறுகரையில், இதேபோல் தரைதட்டிய வேறு யாரையோ ஏற்றிவரப் போயிருந்தது.

"ஒரு மணி நேரமாவது ஆகும் சார். இந்தக் காத்துல ஹெலிகாப்டர் எறங்காது. ஆம்புலன்ஸ துறைக்கு அனுப்பிடறேன். ஆஸ்பிரின் ஏதாவது இருக்கா?" என்றாள் ஃபோனில் பேசிய பெண்.

"காபிதான் இருக்கு," என்று சொல்லிவிட்டுக் குதித்திருந்தான்.

இரண்டு நாளாக விடாமல் அடிக்கும் வாடைக்காற்று. நாலு குளிர்காலமாக லூசியானாக் கரைக்குப் பறவை சரியாக வரவில்லை. வடக்கே ஏரிகள் உறையாததால் வாத்துகள் அங்கேயே தங்கிவிட்டன. இந்தச் செவ்வாய்க்கிழமை அங்கே எல்லாம் இறுகிவிட்டதாக ரேடியோ சொன்னது. கூட்டம் கூட்டமாகத் தெற்கே இறங்குகின்றன என்றது. அவற்றைக் கொண்டுவந்த அதே காற்று, சதுப்பில் கிடந்த தண்ணீரை வழித்து வளைகுடாவில் கொட்டிக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் இரண்டடி இறங்கிவிடும், வேட்டைக்குப் போகிறவர்கள் நேரத்தோடு திரும்புங்கள் என்றும் அந்த ரேடியோதான் சொன்னது. விடியுமுன் நோலன் வீட்டுச் சமையலறையில் நின்றபடியே இருவரும் அதைக் கேட்டார்கள்.

"என் கல்யாணத்தன்னிக்கு இப்படி ஒரு காத்து அடிச்சிருக்கக் கூடாதா? சர்ச்சுக்கே போயிருக்க மாட்டேன். தப்பிச்சிருப்பேன்," என்றான், விவாகரத்தாகிப் பல வருஷமான டட்லி.

அடுப்படியில் நின்ற ஓடில் சிரித்தாள். டட்லியின் தங்கை அவள். நோலன் அவளைக் கட்டி இருபத்தேழு வருஷம். அந்த இருபத்தேழு வருஷமும் மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே குடிலில்தான் உட்கார்ந்தார்கள்.

வாத்துபோலக் கத்தும் ஊதலை டட்லி வாயில் வைத்தால் போகிற கூட்டம் வளைந்து திரும்பும். நோலன் அதைத் தொடக்கூட அவன் விட்டதில்லை. "நீ ஊதினா பறவ மெக்சிகோவுக்கே போயிடும்" என்பான். இன்று விடிந்ததும் வந்தவை ஊசிவால் வாத்துகள். பத்து, இருபது என்று வரவில்லை. வடக்கே அடிவானம் புகைந்து, அந்தப் புகை அப்படியே நகர்ந்து தலைக்குமேல் வந்தது. நோலன் சுடுவதற்கே மறந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

ஏழரை மணிக்கு டட்லி குடிலின் இடுக்கு வழியாகக் கீழே பார்த்தான்.

"போலாமா மாப்ள? தண்ணி எறங்குது."

"இரு மச்சான். இன்னும் ஒரே ஒரு கூட்டம்."

டட்லி இடது தோளைத் தேய்த்துவிட்டுக்கொண்டான். குளிருக்குத்தான் என்று நோலன் நினைத்தான். ஒரு கூட்டம் வந்து போயிற்று. அடுத்ததும் போயிற்று. எட்டரை இருக்கும். டட்லி கழுத்திலிருந்து ஊதலைக் கழற்றி அவனிடம் நீட்டினான்.

"இந்தா. நீ ஊது."

நோலனுக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு எப்போதும் அவனால் மறக்க முடியாமல் போனது அந்தச் சந்தோஷம்தான். ஊதினான். கூட்டம் திரும்பியது. "பாத்தியா மச்சான், மெக்சிகோவா போச்சு?" என்று கேட்டுக்கொண்டே திரும்பியபோது டட்லி பலகையிலிருந்து சரிந்திருந்தான்.

இப்போது படகு மறுபடியும் நின்றுவிட்டது. நோலன் சாக்கைப் பிடித்து இழுத்து, மச்சானின் தலைக்குத் தன் கோட்டைச் சுருட்டிவைத்துவிட்டு, பொம்மைகளைச் சேற்றில் வீசினான். தோட்டாப் பெட்டியை வீசினான். துப்பாக்கிகளை எடுத்தான்.

"அது எங்கப்பன் துப்பாக்கிடா."

"நாளைக்கு வந்து எடுத்துக்கலாம்."

"சுட்ட வாத்தப் போட்டுறாத. நாலு வருஷம் கழிச்சு வந்திருக்கு. ஓடில் பாக்கணும்."

"போடல. நீ பேசாம இரு."

டட்லி கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு வாங்கினான். இருபத்தாறு வருஷமாக அந்த ஊர்ப் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுகிறவன் அவன். பேசாமல் இருந்து பழக்கமில்லை.

"பஸ்ஸு மாட்டிக்கிச்சுன்னா... பசங்க எல்லாத்தையும் எறக்கித் தள்ளச் சொல்லுவேன். இப்ப பாரு, நீ ஒருத்தன்தான் இருக்க."

"நான் போதும்."

"இடுப்ப வளைச்சுத் தள்ளுடா. மாமியா வீட்டு சோபாவ நகத்துற மாதிரி தள்ளுற."

நோலன் தள்ளினான். ஒரு பூட்ஸ் சேற்றோடு போயிற்று. தேட நேரமில்லை. எதிரே நாணலின் கதிர்கள் எல்லாம் தெற்கே படுத்திருந்தன. தலைக்கு மேலே கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. சிறகுச் சத்தம் கேட்டது. அவன் நிமிரவில்லை.

"மச்சான், கால்வாய் தெரியுது."

"ம்."

"எட்டிட்டோம்னா பத்து நிமிஷம். ஆம்புலன்ஸ் துறையில நிக்குது."

நோலன் காலைப் பிடுங்கி முன்னால் வைத்தான்.

"மச்சான்?"

படகின் விளிம்பில் ஒரு கை மட்டும் தெரிந்தது. பிடித்திருந்த விரல்கள் மெல்ல வழுக்கி உள்ளே போயின. எட்டிப் பார்த்தால் தள்ளுவது நின்றுவிடும் என்று நோலனுக்குத் தோன்றியது. பார்க்கவில்லை. கையை உள்ளே விட்டுத் துழாவி வாத்துக் கொத்தைப் பிடித்தான். அப்படியே தூக்கித் தூர எறிந்தான். கனம் ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

"வந்துட்டோம். தோ, வந்துட்டோம். பஸ்ஸுல திங்கக்கெழம யாரு போவா? நீதான போகணும்? பேசு மச்சான். ஏதாவது திட்டு."

கடைசி முப்பது கஜத்தில் படகு தானாக வழுக்கியது. கால்வாயில் மோட்டார் முதல் இழுப்பிலேயே பிடித்துக்கொண்டது. அப்போதுதான் அவன் முன்னால் பார்த்தான். டட்லியின் கண்கள் பாதி திறந்திருந்தன. காற்றில் அவன் தொப்பி பறந்து போயிற்று. டட்லி அதைப் பிடிக்க முயலவில்லை.

நோலன் வேகத்தைக் குறைக்கவில்லை. துறைவரை முழு வேகத்தில்தான் ஓட்டினான்.

ஆஸ்பத்திரியில் ஷெரீப்பின் ஆள் தன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஓடிலிடம் பேசினான். "ஒத்த ஆளா முந்நூறு கஜம் தள்ளியிருக்காரு. எங்க படகு உடனே கெளம்பியிருந்தாக்கூட அதுக்குள்ள வந்திருக்காது. உங்க வீட்டுக்காரர் செஞ்சத வேற யாரும் செஞ்சிருக்க முடியாது." பாதிரியாரும் அதையே சொன்னார். மத்தியானம் வீட்டுக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராக நோலனின் தோளைத் தட்டிவிட்டு, சோற்றுப் பாத்திரங்களை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். யாராவது தட்டும்போதெல்லாம் அவன் தரையைப் பார்த்தான். ஓடில் அவனைப் பார்த்தாள்.

நாலு மணிக்கு யாரோ படகை டிரெய்லரில் ஏற்றிக் கொண்டுவந்து முற்றத்தில் விட்டுப் போனார்கள். காற்று நிற்கவில்லை. நோலன் படியில் உட்கார்ந்திருந்தான். ஓடில் அண்ணனின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து அவன் முன்னால் நின்றாள்.

"எத்தன மணிக்கு ஆரம்பிச்சுது?"

"எட்டரைக்கு."

"அவ்ளோ நேரம் ஏன் அங்க இருந்தீங்க? ரேடியோல சொன்னான்ல?"

நோலனின் வாய் வரை ஒரு பதில் வந்தது. டட்லிதான் போக வேண்டாம் என்றான் என்று சொல்லலாம். இல்லையென்று சொல்ல இனி ஆளில்லை.

"ஏழரைக்கே போலாம்னான்," என்றான். "நான்தான் இன்னும் ஒரு கூட்டம்னு சொன்னேன்."

கொடிக்கம்பி காற்றில் ஊளையிட்டது. அவள் கையை ஓங்கினால்கூடத் தேவலை என்று அவனுக்கு இருந்தது. அவள் படகைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெறைய வந்துச்சா?"

"என்னது?"

"பறவ."

"வானமே தெரியல," என்றான் நோலன்.

அவள் தலையை ஆட்டினாள். பக்கச் சுவரோரம் போய்க் குழாயைத் திறந்தாள். ரப்பர் பைப்பை இழுத்துக்கொண்டு வந்து படகின் பின்புறத்திலிருந்து கழுவத் தொடங்கினாள். கறுப்புச் சேறு கரைந்து டிரெய்லரின் சக்கரத்தில் வழிந்து, புல்லில் இறங்கி ஓடியது. மோட்டாரைக் கழுவினாள். பக்கப் பலகைகளைக் கழுவினாள். அண்ணன் கிடந்த நடுத்தட்டு வந்ததும் தண்ணீரைத் தள்ளிப் பிடித்து, அந்த இடத்தை விட்டுவிட்டு முன்பக்கம் போனாள்.

பைப் சக்கரத்தில் சிக்கி மடங்கித் தண்ணீர் நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை, கூப்பிடவும் இல்லை. பைப்பின் வாயைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

நோலன் எழுந்து போய் மடிப்பை நீக்கினான். மறுபடி மடங்காதபடி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நின்றான். தண்ணீர் வந்தது. ஓடில் நடுத்தட்டுக்குத் திரும்பினாள்.