இரட்டைக் கிளட்ச்

வைகுண்டராஜ் அந்தக் காரை வாங்கியபோது அதன் பின் சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில், வைக்கோலுக்கும் உடைந்த கட்டிலுக்கும் நடுவே முப்பது வருடம் கிடந்த ஃபோர்டு. 1930ஆம் வருடத்து வண்டி. லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து, ராஜபாளையம் முடங்கியார் ரோட்டில் இருந்த என் ஒர்க்‌ஷாப்பில் இறக்கினார்கள். அது தொண்ணூற்று இரண்டாம் வருடம், பிப்ரவரி மாதம்.

கூடவே அம்பாசடரில் வந்து இறங்கிய வைகுண்டராஜ், என் ஆட்கள் காதில் விழும்படி சொன்னார். "வேல்சாமி, எங்க தாத்தா காலத்துல எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிக் குடுத்துரும்."

அவருடைய தாத்தாவைப் பற்றி எனக்குத் தெரியும். என் தாத்தாவும் அவரும் ஜோடி வண்டிக்காரர்கள். விருதுநகருக்குப் பருத்தி மூட்டை ஏற்றிப் போய், வண்டிக்கு அடியிலேயே படுத்துத் தூங்கியவர்கள். எதிரே கார் வந்தால் வண்டியை ஓரங்கட்டி, மாடு மிரளாமல் அதன் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றவர்கள். இதில் எனக்கு ஒரு வெட்கமும் கிடையாது. அவருக்கு இருந்தது. செட்டியார்பட்டிப் பக்கம் ஐம்பது தறி போட்டுப் பேண்டேஜ் துணி நெய்து, எந்த ஊரில் எவன் கால் முறிந்தாலும் தனக்கு ஆதாயம் என்று வளர்ந்த மனுஷன், ஒரு தடவை மெட்ராஸ் போனார். அங்கே பழைய கார்களை வரிசையாக நிறுத்தி, பக்கத்தில் தொப்பி போட்ட ஆட்கள் நிற்பதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வரும்போது முதலில் தொப்பியை வாங்கினார். பிறகுதான் கார்.

நான் ராணுவத்தில் பதினேழு வருடம் வண்டி மெக்கானிக். ஜபல்பூர், லே, கடைசியில் பதான்கோட். ஹவில்தாராக வெளியே வந்து ஊரில் ஒர்க்‌ஷாப் போட்டேன். ஒரு மனிதனை மதிப்பதற்கு எனக்கு ஒரே அளவுகோல்தான் இருந்தது. அவன் கிளட்சை எப்படி மிதிக்கிறான் என்று பார்ப்பேன். அந்தக் கணக்கில் ராஜபாளையத்தில் பத்துப் பேர் தேறுவார்கள். மில் முதலாளிகளில் ஒருத்தரும் இல்லை.

ஆனால் வண்டியை எனக்குப் பிடித்துவிட்டது. என்ஜின் இறுகிப்போயிருந்தது. நாலு சிலிண்டரிலும் மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற்றிவிட்டு, தினமும் காலையில் வந்து முன்னால் என்ஜினைச் சுற்றுகிற கைப்பிடியைப் போட்டு அசைத்துப் பார்ப்பேன். பன்னிரண்டாம் நாள் ஒரு விரற்கடை அசைந்தது. அன்றைக்கு நான் யாரிடமும் கோபப்படவில்லை என்று என் ஆட்கள் பின்னால் சொன்னார்கள். பாடிக்குள் இருந்த மரச்சட்டத்தைச் செல் அரித்திருந்தது; செங்கோட்டைத் தேக்கில் புதிதாக இழைத்துப் போட்டோம். மட்கார்டைத் தட்டித் தட்டி நிமிர்த்தவே இரண்டு மாதம். கியர்பாக்ஸை மட்டும் தொட வேண்டியிருக்கவில்லை. மூடியைத் திறந்தபோது அறுபது வருடத்துப் பற்கள் எண்ணெய்க்குள் கருகருவென்று, தேயாமல் இருந்தன. மூடிவிட்டேன்.

வைகுண்டராஜ் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருவார். தனியாக வரமாட்டார். சம்பந்தி, பேங்க் மேனேஜர், பஞ்சு வியாபாரி என்று யாராவது கூட இருப்பார்கள். தொப்பியும் இருக்கும். "இதுல எங்க தாத்தா குத்தாலத்துக்குப் போவாராம்" என்பார். நான் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டு எச்சில் துப்ப வெளியே போவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டார், "வேல்சாமி, இதுக்கு ஏசி வைக்க முடியுமா?"

"வைக்கலாம் மொதலாளி. கார் தாங்காது. பின்னால ஒரு மாட்டுவண்டியில வச்சு இழுத்துட்டு வரணும்."

கூட வந்தவர் சிரித்தார். வைகுண்டராஜும் சிரித்தார். ஆனால் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். சிவப்புப் பெயிண்ட் கேட்டார், கறுப்புதான் அடித்தேன். டேப் ரெக்கார்டர் கேட்டார். காதில் விழாதது போல இருந்துவிட்டேன். இவ்வளவையும் அவர் பொறுத்துக்கொண்டதே எனக்கு இன்னொரு இளக்காரம். முதுகெலும்பு இல்லாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

மார்கழி முடிவில் ஸ்ரீவில்லிபுத்தூரில் சில பெரிய மனிதர்கள் கூடி, பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை பழைய கார் கண்காட்சி என்று நோட்டீஸ் அடித்தார்கள். காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் கார்களை நிறுத்திவைப்பது. சாயங்காலம் ரேஸ். கிருஷ்ணன்கோவில் போகிற வழியில் ஒரு மில்லுக்காகப் போட்டிருந்த புதுத் தார் ரோட்டில், இரண்டிரண்டு காராக நிறுத்தி, கொடி அசைத்ததும் இரண்டு பர்லாங் தூரம் யார் முதலில் என்று பார்ப்பது. நேர்கோட்டு ஓட்டம். வளைவு நெளிவு கிடையாது.

"நானே ஓட்டுதேன்" என்றார் வைகுண்டராஜ்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தக் காலத்துக் காரில் கிளட்சை ஒரு தடவை மிதித்து கியரை மாற்றினால் போதும். அந்த ஃபோர்டில் அது நடக்காது. கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, செத்த நேரம் பொறுத்து, மறுபடி மிதித்துத்தான் அடுத்த கியருக்குத் தள்ள வேண்டும். இரட்டைக் கிளட்ச் என்போம். பொறுக்காமல் தள்ளினால் பல்லும் பல்லும் மோதும்.

வெள்ளோட்டத்துக்கு நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் வைகுண்டராஜ். பின்னால் அவருடைய டிரைவர் சுயம்புலிங்கம். அய்யனார் கோவில் பக்கமாக மாந்தோப்பு வரை போய்த் திரும்பினோம். கியர் சத்தமே இல்லாமல் விழுந்தது.

"வெண்ணெ மாதிரில்லா போகுது!" என்றார் வைகுண்டராஜ்.

வழியில் போகிறவர்கள் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு வந்தாரே ஒழிய, ஒரு தடவைகூட என் காலைப் பார்க்கவில்லை. சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

சுயம்புலிங்கம் பார்த்திருந்தான். அவர் இறங்கிப் போனதும் என்னிடம் மெதுவாகக் கேட்டான். "அண்ணாச்சி, அந்த ரெண்டு தடவ மிதிக்கிறத மொதலாளிக்குச் சொல்லிட்டீயளா?"

"கேட்டா சொல்லுவேன். தாத்தா காலத்துல இருந்து ஓட்டுத குடும்பம்லா. தெரியாமலா இருக்கும்?"

அவன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனான்.

வண்டி அவர் கைக்குப் போனபோது ரேசுக்கு மூன்று நாள்தான் இருந்தது. அதில் இரண்டு நாள் பூஜையும் போட்டோவும். மூன்றாம் நாள் பேக்டரி காம்பவுண்டுக்குள் முதல் கியரிலேயே நாலு சுற்றுச் சுற்றியதோடு சரி என்று கேள்விப்பட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மத்தியானம் சாப்பிடும்போது என் மனைவி வெள்ளத்தாயிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவள் சோற்றைப் போட்டுவிட்டு எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஒன்பது கார்கள். அம்பாசமுத்திரத்தில் இருந்துகூட ஒன்று வந்திருந்தது. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரு தொப்பி. தங்கள் கார் ஓடாது, கயிறு கட்டி இழுத்து வந்தது என்று தெரிந்தும் சிலர் அதன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருத்தர் பானெட்டைத் திறந்து காட்டினார். உள்ளே ஜீப்பின் டீசல் என்ஜின். அதற்குச் சந்தனம் குங்குமம் வேறு. வைகுண்டராஜ் எங்கள் ஃபோர்டின் மேல் ஒரு பலகை மாட்டியிருந்தார். 'மூன்று தலைமுறையாக எங்கள் குடும்பத்தில்.' கோழி எந்தத் தலைமுறை என்று கேட்க வேண்டும்போல இருந்தது. ஜனங்கள் வாழைப்பழம் தின்றுகொண்டே பலகையைப் படித்துவிட்டு, ஆச்சரியமாகத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

சாயங்காலம் நாலரைக்கு ரேஸ். ரோட்டின் இரண்டு பக்கமும் கூட்டம். எங்கள் ஃபோர்டுக்கு எதிராக ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல் ஒருவரின் மோரிஸ். அது சின்ன வண்டி. நியாயமாகப் பார்த்தால் ஃபோர்டுக்கு நிற்காது. நான் பாதி தூரத்தில், நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டேன். மற்ற ரேஸ் எதையும் நான் பார்க்கவில்லை. இதைப் பார்க்கத்தான் வந்திருந்தேன்.

கொடி விழுந்தது. ஃபோர்டு முதல் கியரில் பாய்ந்து ஒரு வண்டி நீளம் முன்னால் வந்தது. கூட்டம் கத்தியது. அவர் இரண்டாவது கியருக்குத் தள்ளினார். கருங்கல்லை அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். கூட்டம் சிரித்தது. மோரிஸ் தாண்டிப் போனது. அவர் விட்டுவிட்டு மறுபடி தள்ளினார். மறுபடி அதே சத்தம். என்ஜின் கதறுகிறது. அவர் முகம் கோணிக்கொண்டு, உடம்பு பாரம் முழுவதையும் கியர் கம்பியில் போட்டுத் தள்ளுவது எனக்குத் தெரிந்தது.

"தள்ளாதீய! தள்ளாதீய!" என்று நான் ரோட்டுக்குள் ஓடினேன்.

மூன்றாவது தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது. சின்னச் சத்தம். சுத்தியலால் பளிங்கைத் தட்டியது போல. அதைக் கேட்டதும் என் வாயில் பல் கூசியது. பிறகு என்ஜின் மட்டும் ஓடியது, வண்டி நகரவில்லை.

நான் எதிர்பார்த்த சிரிப்பு கிடைத்தது. விசில், ஊளை, எல்லாம். "தாத்தாவக் கூப்பிடுலே!" என்று எவனோ கத்தினான். நான் ரோட்டின் நடுவில் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன்.

வைகுண்டராஜ் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினார். அப்படியே அம்பாசடரில் ஏறிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் கதவுப்பக்கம் நின்று, ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்து, தோளைக் கொடுத்து வண்டியைத் தள்ள ஆரம்பித்தார். கனத்த உடம்பு, பட்டு ஜிப்பா, வயது ஐம்பத்தேழு. சுயம்புலிங்கம் ஓடி வந்து கைகொடுத்தான். "நீ விடுலே" என்று சொல்லிவிட்டார். தொப்பி விழுந்தது, எடுக்கவில்லை. மிச்சம் ஒன்றேகால் பர்லாங். இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினார். சிரிப்பு பாதியில் தணிந்தது. கோட்டைத் தாண்டியபோது யாரோ கைதட்டினார்கள். அந்த ஊர்க்காரர்கள் எதற்கு வேண்டுமானாலும் கைதட்டுவார்கள்.

மறுநாள் கியர்பாக்ஸைத் திறந்தேன். இரண்டாவது கியரில் மூன்று பல் இல்லை. எண்ணெய்க்குள் கைவிட்டுத் துழாவி, மூன்றையும் எடுத்துத் துணியில் துடைத்து வைத்தேன். அந்த கியர் அமெரிக்காவில் கிடைக்கும் என்றார்கள். ராஜபாளையத்தில் அதைச் சொல்வதும் நிலாவில் கிடைக்கும் என்பதும் ஒன்றுதான்.

மத்தியானச் சோற்றை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்த வெள்ளத்தாய், துணியில் கிடந்த பற்களைப் பார்த்தாள்.

"பதினோரு மாசமா இத நிமித்தினது ஆரு?"

"நான்தான்."

"ஒடச்சது?"

நான் துணியின் ஓரத்தை மடித்துப் பற்களை மூடினேன்.

"அந்தாளுக்குத் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும். சொல்லிக் குடுத்தா ஒரு வா காப்பி குடிக்கிற நேரம். நீங்க சிரிக்கதுக்குல்ல போனீய. இப்ப நல்லாச் சிரிங்க."

தூக்குச்சட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். சாயங்காலம் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பேக்டரிக்குப் போனேன். வைகுண்டராஜ் ஆபீஸ் ரூமில் தனியாக இருந்தார். வலது தோளில் அவருடைய பேக்டரி பேண்டேஜே சுற்றியிருந்தது.

உட்காராமலே சொன்னேன். "மொதலாளி, அந்த வண்டிக்கு கியர் போடுத முறை வேற. ரெண்டு தடவ மிதிக்கணும். எனக்குத் தெரியும். வேணும்னுதான் சொல்லல."

அவர் ஒரு ஆச்சரியமும் படவில்லை.

"தெரியும்வே. வெள்ளோட்டம் போன அன்னைக்கே சுயம்பு சொல்லிட்டான். வேல்சாமி அண்ணாச்சிட்ட கேளுங்க, ரெண்டு தடவ என்னமோ மிதிக்காருன்னு."

"பொறவு ஏன் கேக்கல?"

"எப்படிக் கேக்க? நான் எதக் கேட்டாலும் நீரு எச்சி துப்ப வெளிய போயிருவீரு. எனக்குக் கண்ணு இல்லையா? ஒரு வருசமா ஒரு ஆளு நம்மள நாய பாக்க மாதிரி பாத்தா, அவன்ட்டப் போயி எனக்கு கியர் போடத் தெரியலன்னு எப்படிவே சொல்ல?"

நின்றுகொண்டே இருந்தேன். அவர் சொல்லிவந்த தாத்தா பொய்யை எடுத்துச் சொல்லிச் சரிக்குச் சரி ஆக்கிவிடலாம் என்று நினைத்தேன், விட்டுவிட்டேன்.

"வேற மெக்கானிக்கப் பாக்கணுமா, நீரே செய்வீரா?" என்று கேட்டார்.

"நானே செய்யுதேன்."

உடைந்த கியரைத் துணியில் சுற்றிக்கொண்டு கோயம்புத்தூருக்கு நாலு தடவை போனேன். அங்கே பஸ் கியர் வெட்டுகிற ஒரு பட்டறையில் மாதிரிக்கு வெட்டித் தந்தார்கள். முதல் இரண்டும் பொருந்தவில்லை. மூன்றாவதைப் பொருத்தி வண்டியை வெளியே எடுக்கும்போது ஆனி பிறந்துவிட்டது. ஐந்து மாதம்.

இரட்டைக் கிளட்ச் பழக்க இரண்டு காலை போதுமாக இருந்தது. முதல் நாள் வண்டியை நிறுத்திவைத்தே மிதிக்கச் சொன்னேன். "மிதி, நியூட்ரல், விடு, பொறு, மிதி, தள்ளு." ஐம்பத்தேழு வயதுக்காரர் உதட்டை அசைத்து மனப்பாடம் பண்ணினார். கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார், எல்லாம் முட்டாள்தனமான கேள்வி. நான் வெளியே போகாமல் பதில் சொன்னேன். சும்மா சொல்லக் கூடாது, சிரமமாகத்தான் இருந்தது. அவருடைய சென்ட் வாசம் எனக்குத் தலைவலி கொடுத்தது. ரோட்டில் யார் பார்த்தாலும் கையைத் தூக்கி வணக்கம் வைக்கிற பழக்கத்தையும் அவர் விடவில்லை.

இரண்டாம் நாள் அய்யனார் கோவில் ரோட்டில் மேட்டில் ஏறும்போது வேகம் குறைந்தது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்க வேண்டும். அதுதான் கஷ்டம், நடுவில் ஆக்சிலேட்டரையும் ஒரு மிதி மிதிக்க வேண்டும். நான் எதுவும் சொல்லவில்லை. அவர் மிதித்தார், விட்டார், என்ஜினை உறுமவிட்டார், மிதித்தார், தள்ளினார். சத்தமே இல்லை. வண்டி மேட்டில் நிதானமாக ஏறியது.

ரோட்டைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தார். என் வாயிலிருந்து ஏதாவது வருமா என்று காத்திருந்தார்.

"கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டாதீய, தேஞ்சிரும்" என்றேன்.

அவர் காலை எடுத்தார்.